நியூரோஃபீட்பேக்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

மனநலம் பகுதிக்குப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் மருத்துவ உளவியல் குழுவின் பதில்களும்.

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ள ஏ.டி.எச்.டி. கோளாறுக்காக ஒரு வருடமாக மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுக்கிறோம். படிப்பு பரவாயில்லை, ஆனால் பையனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. "40 செஷன் நியூரோஃபீட்பேக் எடுத்தால் மாத்திரையே வேண்டாம், முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிடுங்கள்" என்று ஒரு சென்டரில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகி, அல்சூர்

பதில்: இப்படிச் சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாடு இறங்காதது இந்த மருந்தில் அடிக்கடி வரும் தொல்லைதான். காலை டிபனை முடித்துவிட்டு மாத்திரை கொடுங்கள். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு, ராத்திரிச் சாப்பாட்டை நிறைவாகக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்த்துக் குறித்து வையுங்கள். எடை குறைந்தால் டாக்டர் அளவை மாற்றுவார்.

இனி நியூரோஃபீட்பேக். உச்சந்தலையில் ஒரு எலக்ட்ரோடும் இரண்டு காது மடல்களிலும் கிளிப்பும் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிறார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அலை) வரையிலான மெதுவான தீட்டா அலையைக் குறைத்து, 13க்கு மேற்பட்ட வேகமான பீட்டா அலையைக் கூட்டுவதுதான் வழக்கமான இலக்கு. அலைகள் அந்த இலக்கில் இருந்தால் திரையில் கார்ட்டூன் ஓடும், விலகினால் மங்கிவிடும். ஒரு செஷன் அரை மணி முதல் முக்கால் மணி. வாரத்துக்கு இரண்டு மூன்று.

கருத்து நல்லதுதான். சோதித்துப் பார்த்ததில் கிடைத்த விடை அவ்வளவு நன்றாக இல்லை. அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 144 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 38 செஷன் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான பயிற்சி. இன்னொரு குழுவுக்கு வேறொருவரின் பதிவை வைத்து ஓடிய போலிப் பயிற்சி. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. 2021இல் வெளியான முடிவின்படி, இரண்டு குழுவிலும் கவனம் நன்றாகவே கூடியிருந்தது. குழுக்களுக்கு இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வாராவாரம் கூட்டிப்போவது, ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கப்படுத்துவது, பிள்ளை அசையாமல் இருந்து பழகுவது ஆகியவையே பலன் தருகின்றன என்பது எங்கள் கணிப்பு. பிள்ளை தேறியதாகப் பெற்றோர் சொல்வது பொய்யில்லை. அதற்கு அலைப் பயிற்சிதான் காரணமா என்பதே கேள்வி.

மருந்தோடு சேர்த்துச் செய்து பார்க்க ஆசைப்பட்டால், முதலில் பத்து செஷனுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். செஷனுக்கு 2,000 ரூபாய் என்றால்கூட நாற்பதுக்கு 80,000 ஆகிறது. அது ஸ்பீச் தெரபிக்கோ டியூஷனுக்கோ ஒதுக்க வேண்டிய பணமாக இருக்கலாம். தொடங்கும் முன்பே வகுப்பு ஆசிரியரிடம் ஏ.டி.எச்.டி. மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி வாங்கிவிடுங்கள். பயிற்சி பற்றி அவரிடம் சொல்ல வேண்டாம். பத்து, இருபது செஷன் முடிந்ததும் மறுபடி வாங்குங்கள். அதில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். நடத்துபவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் தயங்காமல் காட்டுவார்.

செஷனுக்கு முந்தின நாள் பையனுக்குத் தலைக்குக் குளிப்பாட்டுங்கள். செஷன் நாள் காலை தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடை ஒட்டும் பேஸ்ட் தோலோடு ஒட்டாது, மின்தடை ஏறிவிடும். அது 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். திரையில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தலையில் கரன்ட் பாய்ச்சுவார்களா? என் தங்கைக்கு வலிப்பு உண்டு.
– வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: பாய்ச்சுவதில்லை. தலையிலிருந்து வரும் மைக்ரோவோல்ட் அளவு மின்னழுத்தத்தை வாங்கிப் பதிவு செய்வதோடு சரி. மெல்லிய கரன்ட் செலுத்துவது டி.டி.சி.எஸ்., காந்தத் துடிப்பு கொடுப்பது டி.எம்.எஸ்.; இரண்டும் வேறு சிகிச்சைகள். நியூரோஃபீட்பேக்கில் சிலருக்குத் தலைவலி, அசதி, தூக்கக் கோளாறு வருவதுண்டு. வலிப்பு இருப்பதால் நரம்பியல் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் தொடங்க வேண்டாம். வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

கேள்வி: ஐ.டி. வேலை, ஓயாத பதற்றம். நெற்றியில் கட்டி மூளை அலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி. பட்டை வாங்கினேன். அமைதியாக உட்கார்ந்தாலும் 'பீட்டா அதிகம்' என்றே காட்டுகிறது. மூளையில் கோளாறா?
– வாசகர், கிருஷ்ணராஜபுரம்

பதில்: பயப்படாதீர்கள், அநேகமாக அது உங்கள் தாடைதான். பல்லைக் கடித்தாலோ புருவத்தைச் சுருக்கினாலோ தசையின் மின்சாரம் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் வந்து கொட்டும். கருவி அதைப் பீட்டா என்று எண்ணிக்கொள்ளும். பதற்றக்காரர்கள் தங்களை அறியாமலே பல்லைக் கடித்தபடி இருப்பார்கள். சோதித்துப் பாருங்கள்: பத்து வினாடி பல்லைக் கடியுங்கள், பிறகு வாயை லேசாகத் திறந்து நாக்கைத் தளர விடுங்கள். கோடு ஏறி இறங்கினால் நீங்கள் பார்த்துவந்தது தசையைத்தான். கண் சிமிட்டினால் மெதுவான பெரிய அலை வரும். அது தீட்டாவைக் கூட்டிக் காட்டும்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வரும். நெற்றியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பட்டையைக் கட்டுங்கள். இன்னொன்று, கண்ணை மூடியதும் எழும் 8–12 ஹெர்ட்ஸ் ஆல்பா அலை, பின்தலையில்தான் பலமாக இருக்கும். நெற்றிப் பட்டைக்கு அது சரியாக எட்டாது. தியானத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம். பதற்றத்துக்குப் பலன் உறுதியானது சி.பி.டி. என்னும் பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும்.

கேள்வி: அப்பாவுக்கு மனச்சோர்வு. 'பிரெய்ன் மேப்' எடுத்து, சிவப்பாக இருக்கும் இடத்தைக் காட்டி, இதுதான் நோய் என்கிறார்கள்.
– வாசகி, ஜீவனஹள்ளி

பதில்: 19 எலக்ட்ரோட் வைத்து எடுத்த அலைகளை, அதே வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு நிறம் தீட்டிய படம் அது. சராசரியிலிருந்து விலகுவதெல்லாம் நோயல்ல. தூக்கத்துக்குக் குளோனசிபம் போட்டுக்கொண்டால் பீட்டா ஏறும். பதிவின்போது கண் அயர்ந்தால் தீட்டா ஏறும். அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்காமலே அந்த மேப்பை எடுத்திருந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். மனச்சோர்வை உறுதி செய்வது மனநல மருத்துவர் உட்கார வைத்துப் பேசும் பேச்சுதான். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். வாழப் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னால் அதுவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.