ஐடி, தரவுப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்ட நிறுவனம் எதற்கு?

ஒப்பந்தம் எழுதத் தெரிந்த எந்த வழக்கறிஞரும் மென்பொருள் ஒப்பந்தத்தையும் எழுதிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம்தான். ஆனால் மூலநிரல் (மென்பொருளை உருவாக்க எழுதிய நிரல் வரிகள்) யாருக்குச் சொந்தம், சர்வர் முடங்கினால் இழப்பை யார் ஏற்பது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிடப்பட்ட திறந்தமூல நிரலைச் சேர்த்திருந்தால் அதன் உரிம நிபந்தனை உங்கள் நிரலையும் கட்டுப்படுத்துமா என்பதெல்லாம் புரியாமல் எழுதினால், தகராறு வரும் நாளில் அந்த ஒப்பந்தம் கைகொடுக்காது.

தரவுப் பாதுகாப்பு இன்னும் கறார். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் (GDPR) என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிநபர் தரவு கசிந்தது தெரியவந்தால், பொதுவாக 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். (சனி, ஞாயிறும் அதில் அடக்கம்!) கடுமையான மீறலுக்கு அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை போகலாம். உங்கள் நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும், அங்குள்ளவர்களைக் குறிவைத்துப் பொருளோ சேவையோ வழங்கினால் சட்டம் பொருந்தும். கசிவு நடந்த இரவில் யாருக்கு, என்ன வார்த்தையில், எப்போது சொல்வது என்று ஏற்கெனவே பழகியவர் கூட இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

சரி, அப்படியொரு சட்ட நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல் சந்திப்பிலேயே "உங்கள் தரவு எந்தெந்தச் சர்வருக்குப் போகிறது, யார் யார் கையாளுகிறார்கள்?" என்று அவர்களே கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் தனியுரிமைக் கொள்கையின் மாதிரிப் படிவம் ஒன்றை நீட்டினால், நான் வேறு இடம் பார்ப்பேன். சின்ன வலைதளம் மட்டும்தான் என்றால் பெரிய சட்ட நிறுவனம் தேவையில்லை. ஒருமுறை ஆலோசனை கேட்டாலே போதும்.