'ஹஷ்' எபிசோட்: கேள்வி பதில்

'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' நான்காம் சீசனின் பத்தாவது எபிசோட் 'ஹஷ்'. எழுதி இயக்கியவர் ஜாஸ் வீடன். அமெரிக்காவில் 1999 டிசம்பர் 14 அன்று டபிள்யூபி சேனலில் ஒளிபரப்பானது. முடிவு உட்பட எல்லாமே கீழே பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிக்கவும்.

கே: தொடரையே பார்த்ததில்லை. இதை மட்டும் தனியா பார்த்தா புரியுமா?

புரியும். சில விவரங்கள் தெரிந்தால் போதும். ஜென்டில்மென் என்ற பேய்க்கூட்டம் ஊரார் குரலையெல்லாம் பறித்து ஒரு பெட்டியில் அடைத்துவிட்டு, இதயங்களை அறுத்தெடுக்க வருகிறது. இதுதான் கதை. பஃபி, ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் கல்லூரி மாணவி. ரைலி அவளுக்குப் பிடித்தவன். ரகசிய ராணுவப் பிரிவில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்பவன். ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரியாது. ஜைல்ஸ் பஃபியின் வழிகாட்டி. வில்லோ மந்திரம் பழகும் தோழி. ஸாண்டரும் அன்யாவும் ஜோடி. ஸ்பைக் ரத்தக்காட்டேரிதான், ஆனால் தலையில் பதித்த சிப்பால் மனிதர்களைக் கடிக்க முடியாது.

கே: அண்ணா, ஊர் ஊமையாகிறதுக்கு முன்னாடி எல்லாரும் பேசிட்டே இருக்காங்களே, அந்தப் பகுதியை ஓட்டிட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து ஓட்டாதீர்கள். பின்பாதிக்கு அஸ்திவாரமே அந்தப் பேச்சுதான். பஃபியும் ரைலியும் முத்தத்தின் விளிம்புவரை வந்து, ஏதேதோ உளறி, விலகிப் போகிறார்கள். 'நான் உனக்கு யார்?' என்று அன்யா கேட்க, ஸாண்டருக்குப் பதில் வரவில்லை. வில்லோ சேர்ந்திருக்கும் விக்கா (நவீன சூனிய மரபு) குழுவில் வாய் ஓயாத பேச்சு. உண்மையான மந்திரம் எதுவும் நடக்கவில்லை. அங்கே டாரா என்ற கூச்சமுள்ள பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிடுகிறாள்.

ஆக, குரல் இருக்கும்போது யாராலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. குரல் போனபின் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்கிறது. தெருவில் பார்த்ததும் பஃபியும் ரைலியும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அன்யாவை ஸ்பைக் கடித்துவிட்டான் என்று தப்பாக நினைத்து ஸாண்டர் அவனைப் போட்டு அடிக்கிறான். அன்யா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். முன்பாதியைத் தள்ளிவிட்டால் இது சாதாரணப் பேய்க்கதையாகிவிடும்.

கே: கத்தினா அந்த ஜென்டில்மென் செத்துடுவாங்கன்னா, பதிவு பண்ணின அலறலைப் போட்டா முடிஞ்சுதே?

அந்த ஓட்டையை எழுதியவரே அடைத்திருக்கிறார். வகுப்பறையில் ஓவர்ஹெட் புரொஜெக்டரை வைத்து ஜைல்ஸ் விளக்கும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். ஒரு சிடி தூக்கிக் காட்டப்படுகிறது. உடனே அவர் அடுத்த தாளை வைக்கிறார்: நிஜ மனிதக் குரல்தான் வேலை செய்யும். மற்ற விதிகளும் தாள் தாளாக வருகின்றன. அவர்கள் தேவதைக் கதைகளிலிருந்து வந்தவர்கள். ஏழு இதயங்கள் வேண்டும். வாள் எதுவும் கொல்லாது. கதையில் இளவரசி அலறியதும் செத்தார்கள்.

இவ்வளவு விளக்கத்தையும் வசனத்தில் வைத்திருந்தால் கொட்டாவிதான் வந்திருக்கும். இங்கே அது தொடரின் மிகச் சிரிப்பான காட்சிகளில் ஒன்று. பின்னணியில் இசையமைப்பாளர் சென்-சான்ஸின் 'டான்ஸ் மகாப்ர்' டேப்பில் ஓடுகிறது. ஜைல்ஸ் வரைந்த பஃபியின் உருவத்தில் இடுப்பு பெரிதாக இருப்பதைப் பார்த்து அவள் முகம் சுளிக்கிறாள். சிரிக்கவைத்தபடியே விதிகளை மனதில் பதியவைக்கும் எழுத்து இது.

கே: வசனமே இல்லாமல் பத்து நிமிஷக் குறும்படம் எடுக்கப்போறேன் சார். இதிலிருந்து என்ன கத்துக்கலாம்?

முதலில், 'ஹஷ்' நிசப்தமான எபிசோட் இல்லை. சுமார் 44 நிமிடத்தில் ஏறத்தாழ 27 நிமிடம் உரையாடல் கிடையாது, ஆனால் காலடி, கதவு, உடையும் கண்ணாடி எல்லாம் கேட்கிறது. கிறிஸ்டோஃப் பெக்கின் இசையும் கூடவே வருகிறது. புதியவர்கள் பலர் ஒலித்தடத்தையே வெட்டிவிடுகிறார்கள். அப்போது பார்ப்பவர் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று நினைப்பார். ஒவ்வொரு லொகேஷனிலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டில் எல்லா ஷாட்டுக்கும் அடியில் அது ஓட வேண்டும். காலடி, துணி உரசல் ஆகியவற்றைத் தனியாகப் பதிவு செய்து சேருங்கள்.

அடுத்து, ஏன் பேசவில்லை என்பதற்குக் கதைக்குள் காரணம் வேண்டும். காரணமில்லாமல் வாய் மூடியிருந்தால் முதல் நிமிடத்திலேயே செயற்கையாகத் தெரியும். சைகை ஒவ்வொன்றையும் படம் பார்க்காத ஒருவரிடம் செய்துகாட்டிச் சோதியுங்கள்.

தப்பாகப் புரிந்துகொள்வதையும் கதைக்குப் பயன்படுத்தலாம். கடைசிச் சண்டையில் பஃபி குரல்களை அடைத்த பெட்டியைக் காட்டி 'உடை' என்று சைகை செய்ய, ரைலி பக்கத்திலிருக்கும் பொருளை உடைத்துவிட்டுப் பெருமையாகப் பார்க்கிறான். அவள் மறுபடி காட்டிய பிறகுதான் பெட்டி உடைகிறது, அவள் குரல் திரும்புகிறது, அலறுகிறாள், அந்தத் தலைகள் வெடிக்கின்றன. ஒரே ஒரு தடுமாற்றம், பதற்றம் இரட்டிப்பாகிவிட்டது.

கே: ஜென்டில்மென் தரையில் கால் படாம மிதக்கிறது கிராஃபிக்ஸா?

பெரும்பாலும் நேரடி வித்தைதான்: நடிகர்களைக் கம்பியில் தொங்கவிட்டும், சக்கரத் தளத்தில் நிறுத்தி இழுத்தும் எடுத்தது. டக் ஜோன்ஸ், கேம்டன் டாய் இருவரும் அந்த வேடங்களில் முக்கியமானவர்கள். உடம்பு ஆடாமல் நகர, கை விரல்கள் மட்டும் நளினமாக அசைகின்றன. இதயத்தை எடுத்த பிறகு ஒருவரையொருவர் மெல்லக் கைதட்டிப் பாராட்டிக்கொள்கிறார்கள். அந்த மரியாதைதான் ரத்தத்தைவிடப் பயமுறுத்துகிறது.

கே: டாரா முதல்ல வர்றது இதிலயா?

ஆமாம், டாராவாக நடித்த ஆம்பர் பென்சனின் முதல் எபிசோட். துரத்தலில் வில்லோவும் டாராவும் துணி துவைக்கும் அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். குளிர்பான மெஷினை நகர்த்திக் கதவை அடைக்க வில்லோ தனியாக முயல்கிறாள். அது லேசாக அசைந்து நின்றுவிடுகிறது. டாரா பார்க்கிறாள், கையைக் கோத்துக்கொள்கிறாள். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்ப, மெஷின் பறந்துபோய்க் கதவில் மோதுகிறது. வரும் சீசன்களில் விரியப்போகும் உறவு முழுவதும் அந்தக் கைகோப்பில் தொடங்குகிறது. ஒரு சொல் பேசியிருந்தாலும் கெட்டிருக்கும்.

கே: விருது ஏதாவது?

திரைக்கதைக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியின் பரிந்துரை கிடைத்தது; விருது 'த வெஸ்ட் விங்' தொடருக்குப் போனது. வசனம் குறைந்த எபிசோடுக்கு எழுத்துக்கான பரிந்துரை கிடைத்தது நியாயமே. எழுத்து என்றால் வசனம் மட்டுமில்லை.

கே: எட்டாவது படிக்கிற பொண்ணோட உட்கார்ந்து பார்க்கலாமா?

முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். ரத்தம் அதிகம் காட்டப்படாது, ஆனால் கத்த முடியாத மாணவனைப் பிடித்து அமுக்கிக் கத்தியை இறக்கும் காட்சி பெரியவர்களையே உலுக்கும். அன்யா காட்டும் ஆபாசச் சைகை ஒன்றும் உண்டு. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையென்றால் இரண்டு வருடம் கழியட்டும். இல்லையென்றால் பகலில் போடுங்கள்.