தோட்டத்துண்டு கவுன்சில் தரும் சலுகையா?

பிரிட்டனில் அலாட்மென்ட் என்னும் தோட்டத்துண்டை உள்ளூர் கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் வாசகர்களின் கேள்விகளுக்கு, லண்டனின் வடமேற்கில் நெடுநாளாகத் தோட்டம் வைத்திருப்பவரின் பதில்கள்.

காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்து நாலு வருடம். “அது அவர்கள் தரும் சலுகை, கரைச்சல் கொடுக்காதே” என்கிறார் கணவர். நமக்கு உரிமை ஏதும் உண்டா?
*வாசகி, மிட்லண்ட்ஸ்*

உண்டு, சகோதரி. 1908ஆம் ஆண்டு அலாட்மென்ட் சட்டத்தின் 23ஆம் பிரிவு இன்றும் நடப்பில் இருக்கிறது. ஊரில் தேவை இருக்கிறது என்று கண்டால் கவுன்சில் போதிய துண்டுகளை ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். வாக்காளர்களோ கவுன்சில் வரி கட்டுபவர்களோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் அதைப் பரிசீலிக்காமல் விட முடியாது. (உள் லண்டன் பரோக்களுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் கிடையாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.) எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. பட்டியல் வருடக்கணக்கில் இழுபடுவது அதனால்தான்.

மே கடைசியில் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முட்செடியும் இடுப்பளவு புல்லும் மண்டிக் கிடக்கும் துண்டுகளின் எண்களைக் குறித்து, “இவை எப்போது காலியாகும்?” என்று மின்னஞ்சல் போடுங்கள். எங்கள் பக்கம் பட்டியல் நகர்வது பெரும்பாலும் இப்படித்தான். அரைத் துண்டு தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் துண்டு என்பது பழைய ஆங்கில அளவில் பத்து ரொட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். யாழ்ப்பாணக் கணக்கில் சரியாக ஒரு பரப்பு. வேலைக்குப் போய் வருகிறவருக்கு அரைப் பரப்பே முதுகை முறித்துவிடும்.

எங்கள் கவுன்சிலின் புதிய திட்ட வரைவில் பருவநிலை, பல்லுயிர் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அலாட்மென்ட் மட்டும் பொழுதுபோக்கு வசதிகளோடு ஒரே வரியில் முடிந்துவிட்டது. மக்கள் கருத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன எழுதலாம்?
*வாசகர், கென்ட்*

எங்களைச் சுற்றுச்சூழல் பகுதியில் சேருங்கள் என்று எழுதுங்கள். ஆதாரம் கைவசம் இருக்கிறது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் லெஸ்டர் நகர அலாட்மென்ட் மண்ணைச் சுற்றுவட்டார வயல் மண்ணோடு ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். அலாட்மென்ட் மண்ணில் கரிமக் கார்பன் 32 சதவீதம் அதிகம், நைட்ரஜன் 25 சதவீதம் அதிகம், மண்ணும் இறுகாமல் பொலபொலவென்று இருந்தது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். களை, தோல், தண்டு எல்லாவற்றையும் மக்கவைத்து அதே நிலத்தில் போடுகிறோம், மேலே டிராக்டர் ஓடுவதில்லை.

அடுத்தது தேனீ. பிரிஸ்டல், எடின்பரோ, லீட்ஸ், ரெடிங் நகரங்களில் பூங்கா, இடுகாடு, சாலையோரம் என்று பல இடங்களை ஒப்பிட்டு 2019இல் வந்த ஆய்வில், மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் நிறைந்த இடங்களாக முன்னால் நின்றவை வீட்டுத் தோட்டங்களும் அலாட்மென்டுகளும். என் துண்டில் ஜூன் மாதம் கொத்தமல்லி கட்டுக்கடங்காமல் பூத்துவிடும். பிடுங்க மாட்டேன். அந்தச் சின்ன வெள்ளைப் பூவில் மஞ்சள் கோடு போட்ட ஈக்கள் மொய்க்கும். அவற்றின் புழுக்கள் பக்கத்துப் பாத்தி அவரையின் அசுவினியைத் தின்னும். மருந்து வாங்கும் செலவு மிச்சம்.

ஆனால் தேனீயை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் தோட்டம் சட்டபூர்வ அலாட்மென்டா, தற்காலிகமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அலாட்மென்டுக்கென்றே வாங்கிய அல்லது ஒதுக்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் கவுன்சில் விற்க முடியாது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அது. வெளியேற்றப்படுகிறவர்களுக்கு மாற்று இடம் என்னவென்றும் அமைச்சர் பார்க்க வேண்டும். இடுகாட்டுக்கென்று வாங்கிப் போட்ட நிலத்தில் இடைக்காலமாக உருளைக்கிழங்கு நடுகிறவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. அறிக்கையின் அட்டையில் தேனீப் படம் போடுகிற கவுன்சிலே அந்த நிலத்தை வீட்டுமனைப் பட்டியலிலும் சேர்க்கலாம். அது வேறு டிபார்ட்மென்ட், அவ்வளவுதான்! அதனால் தோட்டத்தின் பெயரும் எல்லையும் திட்ட வரைபடத்தில் வர வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள்.

இலவசமாகக் கிடைத்த குதிரைச் சாணத்தைப் போட்டேன். தக்காளிக் குருத்து பெரணி இலை மாதிரிச் சுருண்டுவிட்டது. தண்ணீர்க் குறைவா?
*வாசகர், சரே*

அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி என்றே சந்தேகிக்கிறேன். மேய்ச்சல் புல்லுக்கு அடிப்பது. குதிரையின் வயிற்றைத் தாண்டியும் வீரியம் போகாது. 2008இல் இதே கதை நாட்டின் பல தோட்டங்களில் நடந்தது. அந்தச் சாணத்தைக் குவித்து வைக்காமல் மண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள். மண் நுண்ணுயிர்கள்தான் அதை முறிக்க வேண்டும். இந்த வருடம் அங்கே தக்காளி, உருளை, அவரை வேண்டாம், சோளம் தாங்கும். இனி எந்தச் சாணம் வந்தாலும் ஒரு தொட்டியில் மண்ணோடு கலந்து நாலு புரோட் பீன்ஸ் ஊன்றுங்கள், சாணம் கலக்காத தொட்டியிலும் நாலு. மூன்று நாலு வாரத்தில் இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

துண்டில் கோழி வளர்க்கலாமா? தோட்டச் சங்கச் செயலாளர் கூடாது என்கிறார்.
*வாசகி, ஹாரோ*

1950ஆம் ஆண்டுச் சட்டம் கோழியும் முயலும் வைக்க அனுமதிக்கிறது. சேவல் கூடாது, வியாபாரமும் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லையும் இருக்கக் கூடாது. செயலாளர் மறுத்தால் எந்தக் காரணத்தால் என்று கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி என்றாலும் அரசிடம் பதிய வேண்டும். அப்புறம் நரி இருக்கிறது. கூட்டைச் சுற்றிய கம்பி வலையை மண்ணுக்குள் ஓர் அடியாவது இறக்குங்கள்.