விற்றுவிட்டுப் பொறுமை கேட்பது

கேள்வி: மயாமி மார்லின்ஸ் பேஸ்பால் அணியை 2017இல் வாங்கிய புரூஸ் ஷெர்மன் – டெரெக் ஜீட்டர் குழு, முன்னணி ஆட்டக்காரர்களை விற்றதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியும் 2013இல் 111 ஆட்டங்களில் தோற்ற பிறகுதானே 2017இல் பட்டம் வென்றது? ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்பதற்காக ஒரு நல்ல திட்டத்தைக் குறை சொல்லலாமா?

பதில்: மார்லின்ஸ் தோற்றதை நான் கண்டிக்கவில்லை. வலுவிழந்த அணியைப் புதிதாகக் கட்ட முனைபவர்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தோற்கத்தான் செய்வார்கள் என்பதைப் பேஸ்பால் பார்ப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். எதை விற்றார்கள், எதற்காக விற்றார்கள், யாரிடம் பொறுமை கேட்டார்கள் என்ற மூன்றைத்தான் கேட்டிருந்தேன். உங்கள் கடிதம் அவற்றில் எதற்கும் பதில் சொல்லவில்லை.

ஹூஸ்டனிலிருந்தே தொடங்குகிறேன். ஜிம் கிரேன் அந்த அணியை வாங்கிய 2011ஆம் ஆண்டிலேயே அது 106 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அவர் வரும்போது அங்கே கலைப்பதற்கு உருப்படியான அணி ஏதும் இல்லை. மயாமியின் நிலை அப்படியா இருந்தது? 2017இல் அந்த அணி 77 வெற்றி, 85 தோல்வி என்ற கணக்கில் முடித்தது. அதன் வெளிக்களத்தில் நின்ற ஜியான்கார்லோ ஸ்டான்டன், மார்செல் ஒசூனா, கிறிஸ்டியன் யெலிச் ஆகிய மூவரும் அந்த ஓராண்டில் சேர்ந்து அடித்தவை 114 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை வெளிக்களச் சுவருக்கு அப்பால் அடித்து எடுப்பவை). அவற்றில் 59 ஸ்டான்டன் ஒருவருடையவை. அமெரிக்கப் பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் அவரே பெற்றார். அந்த அணிக்கு இல்லாமல் போனது பந்தெறியும் வலு. 2016 செப்டம்பரில் ஹோசே ஃபெர்னான்டஸ் என்ற 24 வயது பிட்சர் படகு விபத்தில் இறந்தபோது ஏற்பட்ட அந்தப் பள்ளத்தை எவராலும் நிரப்ப முடியவில்லை. பிட்சர்கள் இருவர் மூவரைத் தேடிச் சேர்க்க வேண்டிய அணியில், புதிய நிர்வாகம் மட்டையடிப்பவர்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்பியது.

ஸ்டான்டனை அனுப்பியதில் எனக்கு மனக்குறை உண்டு. ஆனாலும் காரணம் புரிகிறது. 13 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் முந்தைய உரிமையாளர் ஜெஃப்ரி லோரியா விட்டுச்சென்ற சுமை. தன் சம்மதம் இல்லாமல் தன்னை மாற்றக்கூடாது என்ற உரிமையும் ஸ்டான்டனிடம் இருந்ததால், செயின்ட் லூயிஸ், சான்ஃபிரான்சிஸ்கோ அணிகளுக்குப் போக அவர் மறுத்தார். கடைசியில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு, பெரிய பலன் ஏதுமின்றி, கொடுக்க நேர்ந்தது. அதை விட்டுவிடலாம்.

யெலிச்சின் கதையை அப்படி விட முடியாது. அவருக்கு வயது 26. ஏழாண்டு ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையே ஐந்து கோடி டாலருக்குள்தான். 2018ஆம் ஆண்டுக்கு அவர் பெறவிருந்தது 70 லட்சம் டாலர். அவ்வளவு குறைந்த செலவில் அவ்வளவு நல்ல இளைஞர் கையில் இருந்தால், மறுகட்டமைப்பு செய்யும் எந்த நிர்வாகமும் அவரைச் சுற்றித்தான் அணியைக் கட்டும். ஆனால் டிசம்பரில் டீ கோர்டன், ஸ்டான்டன், ஒசூனா ஆகிய மூவரும் ஒரு வாரத்துக்குள் போய்விட்டதைப் பார்த்தபின், அவரும் வெளியேற விரும்புவதாக அவருடைய முகவர் வெளிப்படையாகவே சொன்னார். 2018 ஜனவரியில் மில்வாக்கி அணி அவரைப் பெற்றது. அந்த ஆண்டே 36 ஹோம் ரன்கள் அடித்து நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரரானார். அவருக்கு ஈடாக வந்த நால்வரில் முதன்மையானவராகக் கருதப்பட்ட லூயிஸ் பிரின்சனின் மட்டையடிச் சராசரி அந்த ஆண்டில் வெறும் 0.199. பிரின்சனை நான் குறை சொல்லமாட்டேன். தன் தோளுக்கு மீறிய பாரத்தை ஏற்றி ஓர் இளைஞரைக் களத்தில் நிறுத்திய முடிவு அவருடையதல்லவே.

ஆகவே, எதற்காக விற்றார்கள் என்ற கேள்விக்குக் களத்தில் விடை கிடைக்காது. கணக்குப் புத்தகத்தில்தான் கிடைக்கும். 120 கோடி டாலர் கொடுத்து அணியை வாங்கியவர்கள் சம்பளச் செலவைக் குறைத்தாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தார்கள். வீரர்களுக்கு ஓர் அணி குறைந்தபட்சம் இவ்வளவு செலவிட்டே தீர வேண்டும் என்ற விதி அமெரிக்கப் பேஸ்பாலில் இல்லை என்பதால் அவர்களைத் தடுப்பவரும் இல்லை. அதை அப்படியே சொல்லியிருந்தால் நான் மதித்திருப்பேன். செலவுக் குறைப்புக்குத் திட்டம் என்று பெயர் சூட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை.

இனி, பொறுமை. 2018 மார்ச் 29 அன்று, அந்தப் பருவம் முழுவதற்குமான முதல் பந்தே மயாமியில்தான் வீசப்பட்டது. ஹோசே உரேனா எறிந்த அந்தப் பந்தைச் சிகாகோ கப்ஸ் அணியின் இயன் ஹாப் வலப்பக்கப் பார்வையாளர் வரிசைக்குள் அடித்தார். புதிய உரிமையாளர்களின் முதல் பருவம் ஒரே பந்தில் பின்தங்கித் தொடங்கி, 98 தோல்விகளில் முடிந்தது. அடுத்த ஆண்டு 105. முதல் ஆண்டில் 81 உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் மொத்தம் 8,11,104 பேர். 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கில் ஆட்டத்துக்குச் சுமார் பத்தாயிரம் பேர்.

இவர்களையா பொறுமையற்றவர்கள் என்கிறீர்கள்? 1997இல் பட்டம் வென்ற அணியை அப்போதைய உரிமையாளர் உடனே கலைத்தார். அடுத்த ஆண்டு 108 தோல்விகள். 2003இல் மீண்டும் பட்டம் (தோற்ற யாங்கீஸ் அணியில் ஜீட்டரே ஆடினார்). இரண்டே ஆண்டுகளில் மீண்டும் ஆட்டக்காரர்கள் விற்பனை. பிறகு மயாமியின் லிட்டில் ஹவானா பகுதியில் பெரும்பகுதி மக்கள் பணத்தில் புதிய அரங்கம் எழுந்தது. அந்தச் செலவின் மீதும் வரி உயர்வின் மீதும் கொண்ட கோபத்தில் வாக்காளர்கள் 2011இல் மாவட்ட மேயரையே பதவியிலிருந்து இறக்கினார்கள். 2012இல் அரங்கம் திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அணியின் முன்னணி ஆட்டக்காரர்கள் மறுபடியும் விற்கப்பட்டார்கள். இருபது ஆண்டுகளில் மூன்று முறை கையில் இருந்ததைப் பறிகொடுத்தவர்களிடம் நான்காவது முறை வந்து பொறுத்திருங்கள் என்று சொல்பவர், குறைந்தபட்சம் ஒருவரையாவது விட்டுவைத்து, ‘இவர் இங்கேயே இருப்பார்’ என்று சொல்லியிருக்க வேண்டும். யெலிச் அந்த ஒருவராக இருந்திருக்கலாம்.

ஹூஸ்டனின் 2017 பட்டத்தை முன்மாதிரியாகக் காட்டும்போது, அந்த ஆண்டு அவர்கள் எதிரணி பிட்சருக்குத் தரப்படும் சைகைகளைக் கேமரா வழியே திருடியதைப் பேஸ்பால் நிர்வாகம் 2020 ஜனவரியில் உறுதிசெய்து தண்டித்ததையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்வது என் கடமை. ஒசூனாவுக்கு ஈடாக வந்தவர்களில் சான்டி ஆல்கன்டாரா இருந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களின் கண் தேர்ந்த கண். 2022இல் ஆறு ஆட்டங்களைத் தொடக்கம் முதல் இறுதிவரை தனியொருவராக எறிந்து முடித்து, வாக்களித்த அனைவரின் முதல் வாக்கையும் பெற்று, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார். அந்தப் பருவம் தொடங்குமுன்பே ஜீட்டர் அணியைவிட்டு விலகியிருந்தார். ஆல்கன்டாரா அவ்வளவு எறிந்தும் அணி 93 ஆட்டங்களில் தோற்றது; அவரைப் பார்ப்பதற்கென்றுகூட, அந்த ஆண்டு முழுவதும் மயாமி அரங்கத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டவில்லை.