சடையை வெட்டினால் உயிருக்கு ஆபத்தா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 58. பின்னந்தலையில் சடை விழுந்து மூன்று வருடமாகிறது. இப்போது கழுத்து வலி, அரிப்பு, நாற்றம். "ஜடா என்றால் சிவன் இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம், வெட்டினால் ரத்தம் வரும்" என்று குறி சொல்பவர் பயமுறுத்துகிறார். பரிகாரத்துக்குப் பணமும் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: வெட்டலாம். வெட்டத்தான் வேண்டும்.

முதலில் அந்தச் சொல். சமஸ்கிருதத்தில் 'ஜடா' என்றால் சிக்குண்டு திரண்ட முடி, அவ்வளவுதான். ஒன்றுசேர்ந்து திரள்வதைக் குறிக்கும் 'ஜட்' என்ற வேர்ச்சொல்லோடு இலக்கணக்காரர்கள் அதைச் சேர்க்கிறார்கள். நார் போன்ற வேருக்கும் அதே பெயர் உண்டு. இந்தியில் தேங்காய் நாரும் ஜடாதான். நாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பின்னிவிடுவதையும் சடை என்கிறோமே, அதில் தெய்வக் குற்றம் எங்கே இருக்கிறது?

முடியின் மேற்புறத்தில் கூரை ஓடு அடுக்கியதுபோல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. நாள்கணக்கில் சீவாமல் விட்டால், எண்ணெய்ப்பிசுக்கும் பேனும் சேர்ந்தால், காரமான ஷாம்பு போட்டுக் கசக்கினால், அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி இறுகிவிடும். மருத்துவத்தில் இதற்கு 'பிளிகா போலோனிகா' என்று பெயர். போலந்திலும் ஒருகாலத்தில் வெட்டினால் கண் போகும் என்று பயந்து சடையோடு வாழ்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் யூசெஃப் டீட்ல் என்ற மருத்துவர் அந்தப் பயத்தை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது.

முடித்தண்டில் நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. சடையின் கனம் தோலைத் தலையிலிருந்து விலக்கி இழுத்து வைத்திருப்பதால், கத்தரி அவசரத்தில் தோலைக் கவ்விவிடும். குறி சொல்பவர் காட்டும் ரத்தம் அதுதான். ஒருவர் சடையைக் கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே சீப்பைச் செருகி, தலையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விட்டு, சிறிய கூர்மையான கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். சவரக்கத்தி வேண்டாம். பிறகு தோலைப் பாருங்கள். பேன் இருந்தால் 1% பெர்மெத்ரின் பூசி 10 நிமிடத்தில் அலசி, ஒன்பதாம் நாள் மறுபடி பூசுங்கள். புண், சீழ், புழு தெரிந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெட்டாமல் தப்பிக்கும் சடை ஒன்று உண்டு. காய்ச்சலிலோ பிரசவத்துக்குப் பிறகோ படுத்திருந்து சில நாளில் விழுந்தது, அல்லது ஒரே குளியலில் திடீரென்று இறுகியது. அதற்குக் கண்டிஷனரோ எண்ணெயோ தாராளமாகப் பூசி ஊறவிட்டு, நுனியிலிருந்து மேல்நோக்கி விரலாலும் அகலப்பல் சீப்பாலும் பிரிக்கலாம். முனை மழுங்கிய பின்னலூசியும் உதவும். பல மணி நேரம் பிடிக்கும், இரண்டு மூன்று நாளாகப் பிரித்தாலும் தவறில்லை. மேலிருந்து இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகும். மூன்று வருடச் சடையை இப்படிப் பிரித்துத் தருகிறேன் என்று எண்ணெய் விற்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

குறி சொல்பவர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கர்நாடக, மகாராஷ்டிரப் பகுதிகளில் சடை விழுந்த சிறுமிகளை எல்லம்மா தெய்வம் கேட்கிறாள் என்று சொல்லிப் பொட்டுக்கட்டி, தேவதாசியாக்கி விட்டார்கள். அதைத் தடுக்கக் கர்நாடகம் 1982இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பரிகாரம் கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

மாமியார் சம்மதம் முக்கியம். தூங்கும்போது வெட்டாதீர்கள். குளிப்பது, சாப்பிடுவதிலும் அக்கறை குறைந்திருந்தால் மனச்சோர்வோ மறதிநோயோ இருக்கலாம். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், 14416 இலவச எண்ணிலும் பேசலாம். ஆஸ்பத்திரியில் சிலசமயம் தோல் பிரிவில் களிம்பு எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து மறுபடி தோல் பிரிவுக்கு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து சடையை வெட்டிவிட அங்கே ஆள் இல்லாமல் போகலாம். அதனால்தான் வீட்டில் செய்யும் முறையை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

வெட்டிய சடையை ஆற்றில் விடவும் தட்சிணை கேட்பார்கள். பேன் பரவாமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.