சோலை நல்லா இருக்கா? கேள்வி பதில்

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளுக்குள் கட்டம் கட்டி மரம் எண்ணுவது என் வேலை. சோலை என்றால் உயரமான மலை மடிப்புகளில், புல்வெளிகளுக்கு நடுவே நிற்கும் காடு. ஒரு பாதுகாக்கப்பட்ட சோலை நல்ல நிலையில் இருக்கிறதா, இல்லையா என்று எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி இன்று கேட்கலாம். புலிக் கணக்கு, யானை வழித்தடம் எல்லாம் எனக்கு வராது. அவற்றைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி (முதுகலை மாணவி, தேனி): அக்கா, கொடைக்கானல் பக்கம் ஒரு சோலையின் நிலையை மதிப்பிடுவதுதான் என் ஆய்வு. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

முதல் நாள் டேப்பை எடுக்காதீர்கள். சோலையைச் சுற்றி வெளியே நடந்து வாருங்கள். எந்தப் பக்கம் புல்வெளி, எந்தப் பக்கம் சீகை (வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரம்) தோப்பு, எங்கே ரோடு, எங்கே விறகுப் பாதை என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சோலைக்கு வரும் கெடுதல் பெரும்பாலும் விளிம்பு வழியாகத்தான் வரும். ஒரு ஹெக்டேர் சதுரமான சோலையில் விளிம்பிலிருந்து 20 மீட்டரைக் கழித்துப் பாருங்கள்: உள்ளே மிஞ்சுவது 60க்கு 60 மீட்டர், அதாவது 36 சதவீதம். மீதி எல்லாம் விளிம்புதான். கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர். அதையும் ஒரு மடிப்பில் ஒளிந்திருக்கும் சின்னச் சோலையையும் ஒரே அளவுகோலில் அளந்தால் சின்னது எப்போதும் தோற்றுப்போகும். அதனால் விளிம்புக் கட்டங்களையும் உள்கட்டங்களையும் தனித்தனியாக எடுங்கள், கடைசிவரை தனியாகவே வையுங்கள்.

கட்டம் 10க்கு 10 மீட்டர். அதற்குள் புதர்களுக்கு 5க்கு 5, தரைச்செடிக்கும் முளைக்கும் 1க்கு 1. மரத்தின் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்று அந்த உயரத்தைக் கணக்கிடுங்கள். அடியிலேயே பல கிளையாகப் பிரிந்தால் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, ஒரே மரம் என்று குறியுங்கள். 30 செ.மீ.க்கு மேல் மரம், 10 முதல் 30 வரை இளமரம், அதற்குக் கீழே கன்று என்பது பலரும் பின்பற்றும் வகைப்பாடு. நீங்களும் அதையே வைத்துக்கொண்டால் பிறகு மற்றவர்களின் கணக்கோடு ஒப்பிட முடியும்.

மரங்களை எண்ணி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். மரங்கள் சொல்வது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. இன்றைய நிலையைச் சொல்வது கன்றுகளும், விழுந்த மரங்களும், மேலே திறந்துகிடக்கும் வெளிகளும். ஒரு பெரிய மரம் சாய்ந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்த வெளிச்சத்தில் லவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்களும் நாவல் வகைகளும் மேலே ஏறிக்கொண்டிருந்தால் சோலை தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. ஆரஞ்சுப் பூ பூக்கும் அந்நியப் புதரான செஸ்ட்ரம் அடைத்துக்கொண்டிருந்தால், சுற்றியுள்ள மரங்கள் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் எனக்குக் கவலைதான். விழுந்த மரமே காணவில்லை, தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றால் விறகுக்குப் போகிறது என்று அர்த்தம்.

அப்புறம், சோலையை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். பக்கத்துப் புல்வெளியும் அதே உடம்பின் இன்னொரு பாதி.

கேள்வி (மென்பொருள் வேலை, பெங்களூரு): இவ்வளவு கஷ்டம் எதற்கு? செயற்கைக்கோள் படத்தில் பசுமைக் குறியீடு பார்த்தால் போதாதா?

சீகைத் தோப்பும் பச்சை, தேயிலையும் பச்சை, சோலையும் பச்சை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குமேல் பரப்பும் 10 சதவீதத்துக்குமேல் கவிகையும் (மேலே மூடும் இலைக்கூரை) இருந்தால் அது காட்டுப் பரப்பு. என்ன மரம், யார் நட்டது என்று கேட்பதில்லை. 70 சதவீதத்தைத் தாண்டினால் 'மிக அடர்ந்த காடு'. அந்த வகைப்பாடு அதன் வேலைக்குச் சரி. ஆனால் புல்வெளியைச் சீகை விழுங்கும்போது அந்தக் கணக்கில் காடு 'வளர்கிறது'. பழைய படங்களையும் புதிய படங்களையும் தரையில் சரிபார்த்து ஒப்பிட்டவர்கள் கண்டதும் இதுதான்: சோலைகளின் பரப்பு ஓரளவு அப்படியே நிற்க, புல்வெளிதான் பெருமளவு போயிருக்கிறது. படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். போக வேண்டியது நீங்கள்தான்.

கேள்வி (தன்னார்வலர், மதுரை): எங்கள் குழு மேல்மலையில் காலியாகக் கிடக்கும் புல்வெளிகளில் சோலை மரக்கன்றுகள் நட நினைக்கிறோம். எந்த இனங்கள் நல்லது?

எந்த இனமும் வேண்டாம். அது காலி இடம் இல்லை.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், இது திரும்பத் திரும்ப வரப்போகிறது என்று தெரியும். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. புல்லும் மரமும் கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு என்பதால் மண்ணைப் பார்த்தே அங்கே எது ஆதிக்கம் செலுத்தியது என்று சொல்லலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியூழியின் உச்சத்தில், அங்கே புல் இருந்திருக்கிறது. யாரோ காட்டை வெட்டியதால் வந்த புல்வெளி என்ற கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது. குளிர்காலத்தில் திறந்தவெளியில் விழும் உறைபனி சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். அதனால்தான் மரங்கள் மடிப்புகளில் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. புல்வெளி நடுவில் தனியாக ஒரு ரோடோடென்ட்ரான் நின்றால் 'அழிந்த காட்டின் மிச்சம்' என்று எழுதாதீர்கள். அது பனியையும் தீயையும் தாங்கும், அதற்கு அந்த இடம் பிடிக்கும்.

புல்வெளியில் மரம் நடாதீர்கள்.

கேள்வி (ஊட்டி): சோலை மரங்கள் எல்லாம் குட்டையாக, கோணலாக, பாசி பிடித்து இருக்கின்றன. நோயா?

இல்லை. காற்றும் குளிரும் அப்படித்தான் வளர்க்கும். பாசி, ஆர்க்கிட், பெரணி எல்லாம் தொற்றியிருப்பது நல்ல அறிகுறி. அவை காய்ந்து உதிர ஆரம்பித்தால் சொல்லுங்கள்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர், கோவை): எங்கள் கட்டங்களில் காட்டுச் செண்பகம் பெரிய மரங்களாக இருக்கிறது, கன்று ஒன்றுகூட இல்லை. மறுவளர்ச்சி நின்றுவிட்டது என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள், சார். எத்தனை கட்டம் போட்டீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், கன்றுகள் காடு முழுக்கச் சமமாகத் தூவிக் கிடக்காது. சில இனங்கள் நிழலில் வருஷக்கணக்கில் முழங்கால் உயரத்தில் காத்திருக்கும். சில வெளிச்சம் கிடைத்த இடத்தில் மட்டும் வரும். ஒரு இனத்தை வைத்து முடிவு சொல்லாமல், எல்லா இனங்களையும் சேர்த்து அளவு வகைகளைப் பாருங்கள். கன்று நிறைய, இளமரம் கொஞ்சம், பெருமரம் அதைவிடக் கொஞ்சம் என்று இறங்குவரிசையில் இருந்தால் நிம்மதி. நடு வகை மட்டும் காணாமல் போயிருந்தால் மேய்ச்சலா, கடமானா, விறகா என்று தேடுங்கள். பழம் தின்று விதை பரப்பும் நீலகிரிக் காட்டுப்புறா மாதிரிப் பறவைகள் அங்கே இருக்கின்றனவா என்பதையும் ஒரு வரி குறித்துவையுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): வாட்டில் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டினாலே சோலை பிழைத்துக்கொள்ளும். இதில் மதிப்பீடு என்ன வேண்டிக் கிடக்கிறது?

சரி, வந்துவிட்டது. நீங்கள் வாட்டில் என்பதைத்தான் நீலகிரியில் சீகை என்கிறோம். தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் புல்வெளிகளில் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரம். அது போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'ஒட்டுமொத்தமாக' என்பதில்தான் சண்டை.

கொடைக்கானலில் பழைய வாட்டில் தோப்புகளுக்குள், சோலையை ஒட்டிய பகுதிகளில், நடந்து பார்த்திருப்பீர்கள். கீழே சோலைக் கன்றுகள் கூட்டமாக வந்திருக்கும். மேலே இருக்கும் வாட்டில் அவற்றுக்கு உறைபனி படாமல் குடை பிடிக்கிறது. அந்தக் குடையை ஒரே நாளில் பிடுங்கினால் கன்றும் போகும். வெளிச்சம் பட்ட மண்ணிலிருந்து வாட்டில் விதை எழும்பும். அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நீங்கள் ஒரு தோப்பை வெட்டி மூன்று தோப்புகளுக்கு வழி செய்கிறீர்கள்.

மறுகேள்வி (அதே கொடைக்கானல்காரர்): இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் புல்வெளி வேண்டாமா? நீலகிரி நெட்டைக்காலி எங்கே போய்க் கூடு கட்டும்?

நியாயமான கேள்வி. சோலையிலிருந்து தள்ளி, கீழே சோலைக் கன்றே இல்லாமல், இன்னும் புல் எட்டிப்பார்க்கும் தோப்பு என்றால் வெட்டுங்கள், நானே அரிவாள் பிடிக்கிறேன். அதிலும் விளிம்பில் புதிதாகப் புல்வெளிக்குள் இறங்கும் இளம் வாட்டில் கன்றுகளை முதலில் பிடுங்குங்கள். குறைந்த உழைப்பில் அதிகப் புல்லைக் காப்பாற்றுவது அந்த வேலைதான். வெட்டியபின் ஆண்டுதோறும் வந்து முளைகளைப் பிடுங்க ஆளும் பணமும் இல்லையென்றால் தொடாதீர்கள்.

இடையில் ஒருவர் (குன்னூர்): சீகை தண்ணீரை உறிஞ்சுகிறது. ஓடை வற்றியதைக் கண்ணால் பார்த்தவன் நான். மேடம் சொல்கிற 'குடை'க்கு எங்கள் ஊர் தாகத்தோடு காத்திருக்க வேண்டுமா?

அண்ணா, ஓடைக்கரைச் சீகையைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. புல்வெளிச் சதுப்பில் நிற்பவை பட்டியலில் முதலில் வரட்டும். நான் கேட்பது ஒரே ஒரு விஷயம்: வெட்டும் முன் உள்ளே போய்க் கன்றுகளை எண்ணுங்கள். சோலை எவ்வளவு தூரம், கீழே எத்தனை சோலைக் கன்று, புல் மிச்சம் இருக்கிறதா, பின்னால் பராமரிக்க யார் என்ற நாலு விவரங்கள் போதும். உயர் நீதிமன்றம் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லித் தொடர்ந்து கேட்கிறது, 2022ல் மாநில அரசும் அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. எவ்வளவு ஹெக்டேர் வெட்டினோம் என்று கணக்குக் காட்டுவது சுலபம். வெட்டிய இடத்தில் ஐந்து வருஷம் கழித்து என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் கேட்பேன்.

மறுகேள்வி (கொடைக்கானல்காரர்): ஆக வெட்டலாம் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?

தோப்பைக் காட்டுங்கள், சொல்கிறேன். இதோடு வாட்டில் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (சென்னை): நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் நீலகிரி மலைச்சரிவுகளில் 10,000 கன்றுகள்...

மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (பறவை ஆர்வலர், திருப்பூர்): கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இருந்தால் சோலை நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தனியாக அதை வைத்து வேண்டாம். அது அடர்ந்த புதர்க்கீழ் பறவை, சோலையை ஒட்டிய தோப்புகளிலும் திரியும். நீலகிரி சோலைக்கிளியும் சேர்ந்து, உள்பகுதியில், இனப்பெருக்கக் காலத்தில் இருந்தால் கொஞ்சம் நம்பலாம். பறவைப் பட்டியல் மதிப்பீட்டுக்குத் துணை, அதற்குப் பதில் அல்ல.

கேள்வி (வனவியல் மாணவர், மேட்டுப்பாளையம்): தேசியப் பூங்காக்களுக்கு மேலாண்மைத் திறன் மதிப்பீடு என்று மதிப்பெண் வருகிறதே, அதிலிருந்து சோலையின் நிலையை எடுக்க முடியாதா?

அது திட்டம், ஆள், நிதி, வேலை எல்லாம் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் மதிப்பெண். உதாரணத்துக்கு, நீலகிரியின் முக்கூர்த்தி 78.46 சதுர கிலோமீட்டர், 1990ல் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா முழுமைக்கும் ஒரு மதிப்பெண் நன்றாக இருக்கலாம், அதற்குள்ளேயே ஒரு சரிவில் முட்செடியான கோர்ஸும் ஸ்காட்ச் புரூமும் என்ற அந்நியப் புதர்கள் புல்லை மூடிக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற பலகை சட்ட நிலையைச் சொல்கிறது. காட்டின் நிலையைச் சொல்லாது.

கேள்வி (திருச்சி): குறிஞ்சி மறுபடி எப்போது பூக்கும்?

நீலக்குறிஞ்சி என்றால் 2018க்கு அப்புறம் 2030. அது புல்வெளிச் செடி, சோலைக்குள் தேடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): என் தோட்டத்தில் செண்பகம் பூக்கவில்லை...

தோட்டக்கலைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): மேடம், புல்வெளியில் நடக்கூடாது என்றீர்கள். ஓரத்தில் மட்டும்...

ஓரமும் புல்வெளிதான்! நட்டே ஆக வேண்டும் என்று கை அரித்தால், செஸ்ட்ரத்தையும் உண்ணிச்செடியையும் பிடுங்கிய சோலை விளிம்பில், அதே சோலையிலிருந்து எடுத்த விதையில் வளர்த்த கன்றை, வனத்துறை சொல்லும் இடத்தில் நடுங்கள். பெரும்பாலான இடங்களில் பிடுங்கிவிட்டு விட்டாலே போதும், சோலை தானே வரும்.

கேள்வி (தேனி மாணவி மறுபடி): அக்கா, அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? எத்தனை முறை அளக்க வேண்டும்?

சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். கொடைக்கானல் 2013 முதல் சரணாலயம் என்பதால் உங்களுக்கும் பெரும்பாலும் அதுதான். உங்கள் சோலை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று கோட்ட வன அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மாதக்கணக்கில் ஆகும், உங்கள் வழிகாட்டியை இன்றே கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

எத்தனை முறை என்பதற்கு: உங்கள் ஆய்வுக்கு ஒருமுறைதான் முடியும், பரவாயில்லை. ஆனால் கட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள், அனுமதித்தால் மூலைக்கு ஒரு இரும்புக் குச்சி, இல்லையென்றால் பக்கத்துப் பாறையிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று எழுதுங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி ஒரு புகைப்படம். செடியின் பெயர் தெரியாவிட்டால் 'அறியாத இனம் 3' என்று எழுதி இலையைப் படம் எடுங்கள், ஊகித்துப் பெயர் போடாதீர்கள். ஐந்து வருஷம் கழித்து இன்னொருவர் வந்து அதே கட்டத்தைக் கண்டுபிடித்து அளந்தால்தான் சோலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். மூலக்கணக்குத் தாள்களை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முழுசாகச் சேருங்கள். சராசரியை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.