ஓடினால் முட்டி தேய்ந்துவிடுமா? வலி வந்தபின் ஓட்டத்தை விட்டுவிடலாமா?

ஓட ஆரம்பித்து ஆறு மாதத்தில், படி இறங்கும்போது முட்டி வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் "போதும், விடு" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். வயது 46. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை ஓடித் திரும்புவேன். இரண்டாம் வருடம் இடது முட்டிச் சில்லுக்குப் பின்னால் ஒரு குடைச்சல். ஓடும்போதைவிட, மாடியிலிருந்து துணிக்கூடையோடு இறங்கும்போதும், புதுச்சேரி பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்து எழும்போதும்தான் அதிகம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பார்த்த டாக்டர், "இந்த வயசுல எதுக்கும்மா ஓட்டம்?" என்று மாத்திரை எழுதினார். இரண்டு மாதம் ஓடவில்லை, வலி போனது. மறுபடி ஓடினேன், பத்தே நாளில் வந்துவிட்டது.

அப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். சின்னப் பெண். கண்ணாடிக்கு எதிரே ஒரு படியில் இடது காலில் நிற்கவைத்து, வலது குதிகாலை மெதுவாகத் தரை வரை இறக்கச் சொன்னார். இடது முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்ந்தது, கால் வெடவெடவென்று நடுங்கியது. "முட்டி நல்லாத்தான் இருக்குக்கா. அதைத் தாங்குற தொடையிலயும் இடுப்புலயும்தான் வலு இல்ல" என்றார்.

வாரம் மூன்று நாள் வீட்டிலேயே செய்தேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதலில் வெறுங்கையோடு, பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து, இப்போது பத்து கிலோ. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் குதிகால் எழுப்புவது, அதே படி இறக்கம். ஓட்டத்தை நிறுத்தவில்லை, தூரத்தைப் பாதியாக்கி, எடுத்துவைக்கும் ஒவ்வொரு எட்டையும் சின்னதாக்கினேன். லேசான வலி இருந்தாலும் மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி, அடங்காவிட்டால் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. மூன்று மாதம் ஆனது. இப்போது துணிக்கூடையோடு இறங்கினால் முட்டி ஞாபகமே வருவதில்லை.

நான் டாக்டர் இல்லை, தெரியும். ஆனால் 2017இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2. போட்டிக்காக ஓடுபவர்களில் 13.3 என்பதையும் மறைக்கவில்லை. எடை, பழைய காயம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். முட்டிவலியைவிட எனக்குப் பெரிய தொல்லை, விடியற்காலையில் பக்கத்தில் பைக்கை மெதுவாக்கி "யாரு துரத்துறா?" என்று கேட்கிறவர்கள்தான். அதே சாலையில் ஓடும் ஆண்களை யாரும் கேட்பதில்லை.

முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ என் பதிலை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் இன்றே கண்ணாடி முன் அந்தப் படியில் இறங்கிப் பாருங்கள்; முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள்.